ஊறுகாய்ப் போத்தல்களுக்கும் பெரட்டு

என் பொன்னுத்தாய் அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி, முதல் வரியை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு வேல கெடக்கு, நீயே படிச்சிச் சொல்லு" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்திருப்பாய். ஆகவே சத்தம் போட்டுப் படிப்பதற்கு ஏற்றபடிதான் எழுதுகிறேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை வேறு ஆட்களும் படிக்கப்போகிறார்கள். உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்கிறேன் என்று முறைக்காதே. அவர்களுக்குத் தெரியாது.

முதலில் பதில். நீ ஒரு நாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். இன்றைக்கு உறுதியாகச் சொல்கிறேன்: சொல்லும் அக்கா. ஆறு பெருகி வருமா வராதா என்று அந்தப் போத்தல்கள் சொல்லும். சொல்ல முடியாத நாளில், தெரியவில்லை என்று சொல்லும். அதையும் ஒரு பதிலாக நம் ஆட்கள் எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

நீ கேட்ட அந்தச் சாயங்காலம் நினைவிருக்கிறதா? மலையிலிருந்து நனைந்து வந்து, அடுப்படியில் கம்பளியைப் பிழிந்து போட்டுவிட்டு, ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். நான்கு வரிசையாகச் சுவிட்சுகள். பின்னால் போத்தல்கள். சுவிட்சுகளை 'ட' போலத் தட்டினால் பச்சை பல்பு எரியும், 'ப' போலத் தட்டினால் சிவப்பு எரியும். கொழும்பில் படித்துவிட்டு வந்தவன், வெளிநாட்டுச் சஞ்சிகையில் பார்த்ததை நம் தொழிலாளர் லயத்து அறையில் செய்து காட்டிவிட்டேன் என்ற மிதப்பில் இருந்தேன்.

"டானாவும் பானாவும் எனக்கே தெரியும். அதுக்கு இத்தன ஊறுகாப் போத்தலா?" என்றாய்.

"இது கத்துக்கும் அக்கா. நம்ம மூளையில இருக்கிற நரம்பு மாதிரி."

"ஒன் மூளைக்கு ஊறுகாப் போத்தல்தான் சரி." ரொட்டியை மென்றுகொண்டே போத்தல்களை ஒருதரம் பார்த்தாய். "சரிடா, எழுத்தக் கத்துக்கிட்டு இது என்னா பண்ணப் போவுது? ஆறு வருமான்னு சொல்லுமா?"

"கத்துக்குடுத்தா சொல்லும்."

"அப்ப கத்துக்குடு. அப்பறம் ஒனக்கு நானே நல்ல போத்தலா வாங்கித் தாரேன்."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேடிக்கைப் பேச்சு வராது, உனக்குத்தான் தெரியுமே.

அடுத்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தோட்டம் வட்டவளைக்கு மேலே இருக்கிறது. எட்டாம் நம்பர் மலை ஆற்றுக்கு அந்தப் பக்கம். கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆற்றின் குறுக்கே போட்ட இரண்டு மரங்களின் மேல் நடந்துதான் அங்கே போகவேண்டும். ஆறு பொல்லாதது. மழை பெய்வது மேலே முகட்டுக்குப் பின்னால். இங்கே வெயில் அடிக்கும்போதே அங்கே கொட்டும். அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேரும்போது யாருக்கும் சேதி சொல்லிவிட்டு வராது. அன்றைக்கும் அப்படித்தான். அக்கா மரத்தின் மேல் கடைசி ஆளாக நின்று, மற்றவர்களின் கூடைகளைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வந்தது.

அந்தக் கும்பலைக் கூட்டிப் போய் வேலை வாங்கும் கங்காணி அவளுடைய புருஷன், என் மச்சான் ராமையா. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுதமாட்டேன்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தலையெழுத்து என்றார்கள் அக்கா. எனக்கு ஆத்திரமாக வந்தது. என்ன தலையெழுத்து? காலையில் எட்டாம் நம்பருக்குப் போகச் சொன்ன நேரத்தில், ஆறு வரும் என்பது யாருக்கும் தெரியாது. அவ்வளவுதான். தெரிந்திருந்தால் உன்னை இந்தக் கரையில் இருக்கிற அஞ்சாம் நம்பருக்கு அனுப்பியிருப்பார்கள், நீ சாயங்காலம் வந்து என்னைக் கேலி செய்திருப்பாய். இதை நான் துக்க வீட்டிலேயே சத்தமாகச் சொன்னேன். பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியதும் இல்லை.

பாலம் கேட்டு எல்லாரும் சேர்ந்து தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனோம். மேலே எழுதுவதாகச் சொன்னார். எழுதியும் இருப்பார். கடிதத்துக்குக் கால் கிடையாது. எனக்குக் காத்திருக்கத் தெரியாது. கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோரில் மின்சார வேலை முடிந்ததும் நேரே என் போத்தல்களிடம் போனேன். பிரஜாவுரிமை இல்லாதவன் என்று கொழும்பில் எந்த அரசாங்கக் கதவும் எனக்குத் திறக்கவில்லை என்பதில் ஒரே ஒரு நன்மை: நான் இங்கே இருந்தேன்.

இந்தப் போத்தல் என்ன செய்கிறது என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு சின்னப் போத்தலில் மயில்துத்தக் கரைசல், அதோடு சில சொட்டு அமிலம். உள்ளே பென்சிலின் கரிக்குச்சி ஒன்று, பக்கத்தில் ஒரு செம்புக் கம்பி. பெட்டரியை ஒரு பக்கமாக இணைத்தால் செம்பு கரைந்து குச்சியின் மேல் படியும். மாற்றி இணைத்தால் குச்சியில் படிந்தது கழன்று போகும். செம்பு கூடக்கூடக் குச்சி வழியாக மின்சாரம் சுலபமாக ஓடும். பெட்டரியைக் கழற்றிவிட்டாலும் படிந்தது படிந்ததுதான். அதுதான் போத்தலின் ஞாபகம். எண்ணாக எழுதி வைத்த ஞாபகம் இல்லை. கூடலாம், குறையலாம், இடையில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

ஆறு வருவதற்குப் பன்னிரண்டு சாட்சிகளை எடுத்தேன். முகட்டில் மூட்டம் இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம், காற்றழுத்தமானி இறங்குகிறதா, நேற்று தகர டப்பாவில் மழைத் தண்ணீர் சேர்ந்ததா, இப்படி. ஒவ்வொரு சாட்சிக்கும் ஒரு சுவிட்ச், ஒரு போத்தல். எந்தச் சாட்சியும் தனியாக உண்மை பேசாது. மூட்டம் தினமும்தான் இருக்கிறது. எந்தச் சாட்சியை எவ்வளவு நம்பவேண்டும் என்பதுதான் அந்தச் செம்பு. எல்லாருடைய பேச்சையும் கூட்டி ஒரு முள் காட்டும். முள் இந்தப் பக்கம் சாய்ந்தால் சிவப்பு, ஆறு வரும். அந்தப் பக்கம் சாய்ந்தால் பச்சை.

போன மழைக்காலம் முழுக்க விடியற்காலையில் சாட்சிகளைப் பார்த்தேன், அன்றைக்கு ஆறு வந்ததா என்பதையும் பார்த்தேன். பிறகு அந்த நாட்களை ஒவ்வொன்றாகச் சுவிட்சில் போட்டுக் காட்டினேன். தப்பாகச் சொன்னால் செம்பைத் திருத்தினேன். ஆறு வந்த நாட்களையும் வராத நாட்களையும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொல்லத் தொடங்கியது. நான் துள்ளிக் குதிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு இரண்டு தரம் தேத்தண்ணி குடித்தேன்.

பிறகுதான் நம் தோட்டத்து ஆள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலையைச் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது.

தோட்டத்தில் எதையாவது காய வைக்கவேண்டும் என்றால் நாம் எங்கே கொண்டு போவோம்? ஸ்டோரின் மேல்மாடிக்கு. கொழுந்து வாடுவதற்காகச் சூடான காற்று விடுகிற அந்த மாடியில்தானே கணக்கப்பிள்ளை வீட்டுக் குடையிலிருந்து டீமேக்கர் ஐயாவின் சப்பாத்து வரைக்கும் காய்கிறது? ஈரம் பட்டால் கம்பி பச்சை பிடிக்கும் என்று நானும் என் பலகையை அங்கேதான் கொண்டுபோய் வைத்தேன். பாடம் முழுவதையும் அந்தச் சூட்டில்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்த வருஷம் மழை தொடங்கியதும் பலகையைத் தூக்கி வந்து, விடியற்காலைப் பனியில், பெரட்டுக் களத்தில் வைத்தேன்.

பெரட்டைப் பற்றி வெளியாட்களுக்கு ஒரு வரி. தினமும் காலையில் தொழிலாளர்களைக் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுவார்கள். எங்கள் தோட்டத்தில் கூப்பிடுகிறவர் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. போத்தல்களின் பதில் அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் வரவேண்டும்.

பதில் வந்தது. சிவப்பு. எட்டாம் நம்பருக்கு யாரும் போகவில்லை. ஆறும் வரவில்லை. மறுநாளும் சிவப்பு, ஆறு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

உன் நிரையில் கொழுந்து எடுப்பாளே பேச்சி அக்கா, அவள் விடுவாளா? "தம்பி, ஒன் போத்தலுக்குக் கண்ணு செவந்து போச்சி. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி மருந்து ஊத்து" என்றாள். களம் முழுக்கச் சிரிப்பு.

அதைத் தாங்கிக்கொள்ளலாம். அதற்கு அடுத்த நாள் பச்சை எரிந்தது அக்கா. அன்றைக்கு ஆறு வந்தது.

நல்லவேளை, எட்டாம் நம்பரில் கொழுந்து போதவில்லை என்று கண்டாக்கு ஐயா ஏற்கெனவே வேறு மலைக்குப் பிரித்திருந்தார். பொய்ச் சிவப்பை மன்னிக்கலாம். பொய்ப் பச்சையை மன்னிக்க முடியாது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இத எடுத்துட்டுப் போயிடு. சனம் இத நம்பி ஆத்துல எறங்குனா யாரு பதில் சொல்றது? நீயா, நானா?"

"குளிர்தான் ஐயா காரணம். சரி பண்ணிருவேன்."

"பண்ணு. பண்ணிட்டு வா. அதுவரைக்கும் களத்துல வெளக்கு எரியக்கூடாது."

மச்சான் பக்கத்தில் நின்றிருந்தார். நீ போனதிலிருந்து அவர் என்னோடு அதிகம் பேசுவதில்லை. அன்றைக்குப் பேசினார். "ஏன்டா, அவளுக்காகன்னு சொல்லிப் பொய் சொல்ற மெசினக் கொண்டாந்து அவ பேரக் கெடுக்காத" என்றார். நான் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பதில் சொல்லுகிற மாதிரி அவர் கேட்கவில்லை.

ஆனால் காரணம் குளிர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சூட்டில் கரைசல் ஒரு மாதிரி மின்சாரம் கடத்தும், குளிரில் வேறு மாதிரி. மாடியில் பாடம் படித்த போத்தல்களைப் பனியில் உட்காரவைத்துப் பரீட்சை வைத்திருக்கிறேன். அவை பொய் சொல்லவில்லை. வேறு ஊர் மொழியில் பேசின.

ஆகவே பலகையைக் களத்து ஓரத்தில் மண்வெட்டி வைக்கிற கொட்டகைக்கு மாற்றினேன். எங்கே வேலை செய்யவேண்டுமோ அங்கேயே படிக்கட்டும், எந்தக் குளிரில் பதில் சொல்லவேண்டுமோ அதே குளிரில் படிக்கட்டும். அது முதல் மாற்றம்.

இரண்டாவது, ஒவ்வொரு போத்தலிலும் இன்னொரு குச்சி இறக்கினேன். ஒரே பென்சிலை இரண்டாக வெட்டி இரண்டையும் ஒரே கரைசலில் வைத்தேன். ஒன்று 'வரும்' என்று பேசும், மற்றது 'வராது' என்று பேசும். இரண்டு பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் முள் எடுத்துக்கொள்ளும். குளிர் வந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். வித்தியாசம் பெரிதாக மாறாது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் போல என்று எழுதினால் நீ கண்ணைத் துடைப்பாய். நான் அதற்காகச் செய்யவில்லை. அதுதான் சரியான சுற்று.

மூன்றாவது என் சுபாவத்துக்கு எதிரானது. எவ்வளவு செம்பு வேண்டும் என்று கணக்குப் போட்டு, அத்தனை நேரம் மின்சாரத்தை ஒரே மூச்சில் விடுவதுதான் என் வழக்கம். கணக்குச் சரி, போத்தல்கள் சரியில்லை. ஒரே மாதிரி செய்த போத்தல்கள் ஒரே மாதிரி இல்லை. ஒன்று மளமளவென்று செம்பு பிடிக்கும், இன்னொன்று பிகு பண்ணும். ஒரே அளவு கொடுத்தால் ஒன்று தாண்டிப் போகும், மற்றது பாதி வழியில் நிற்கும். "சட்டி கொதிக்கிறதுக்கு முந்தியே எறக்கிருவ" என்று நீ என்னைத் திட்டுவாயே, அந்த அவசரம். இப்போது மின்சாரம் விடுகிற பொத்தானை ஒரு தொடு தொட்டுவிட்டு முள்ளைப் பார்க்கிறேன். போதாவிட்டால் இன்னொரு தொடு. கணக்கை நம்பாமல் முள்ளை நம்பினேன். தாண்டிப் போவது நின்றது.

நான்காவதைப் பேச்சி அக்காதான் தொடங்கி வைத்தாள், தெரியாமல். கொட்டகைப் பக்கம் வந்தவள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே போத்தலின் பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "அது என்னா, அதோட மட்டும் மல்லுக்கட்டுற?" என்று கேட்டாள்.

"எத்தன தரம் சொன்னாலும் அசைய மாட்டேங்குது."

"அப்ப அது நம்ம பொன்னுத்தாயி."

உள்ளே மற்றப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், நான் உட்பட. அன்றிலிருந்து அதற்கு உன் பெயர்தான். மற்ற போத்தல்களுக்கும் உன் நிரையில் இருந்தவர்களின் பெயரையே வைத்துவிட்டார்கள். பேச்சி போத்தல் என்று ஒன்று இருக்கிறது. தொட்டதும் துள்ளும், மறுநாள் காலையில் சொன்னதை மறந்திருக்கும்.

உன் போத்தலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்யலாம் என்றுதான் இருந்தேன். போடுவதற்கு முன்னால் சில காலை அளந்து பார்த்தேன். மற்றவை எல்லாம் ராத்திரி கழிந்ததும் கொஞ்சம் நகர்ந்திருந்தன. உன்னுடையது வைத்த இடத்திலேயே இருந்தது. கற்றுக்கொள்ளப் பிகு பண்ணியது, கற்றுக்கொண்டதை விடவில்லை. உடனே யோசனை மாறியது. எந்தச் சாட்சியின் பேச்சு முள்ளை அதிகம் அசைக்கிறதோ அதை நிலையான போத்தலிடம் கொடுக்கவேண்டும். துள்ளுகிற போத்தலுக்குச் சின்னச் சாட்சி போதும். அங்கே கொஞ்சம் தப்பினாலும் பதில் கெடாது.

பெரிய சாட்சி எது தெரியுமா? ஆற்றுத் தண்ணீர். விடியும்போது தெளிந்திருக்கிறதா, லேசாகக் கலங்கியிருக்கிறதா என்பது. அதை உன் போத்தலிடம் கொடுத்தேன்.

கடைசி மாற்றம் பெரட்டு. ஆட்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் போத்தல்களைக் கூப்பிடுகிறேன். பதில் தெரிந்த பழைய நாட்கள் சிலவற்றைச் சுவிட்சில் போடுவேன். யார் நகர்ந்திருக்கிறார்கள் என்று முள் காட்டிக் கொடுத்துவிடும். அவர்களை ஒரு தொடு தொட்டுத் திருத்திவிட்டுத்தான் இன்றைய சாட்சிகளைப் போடுவேன். பேச்சி போத்தலுக்குத் தினமும் திருத்தம். உனக்கு எப்போதாவதுதான்.

இன்னொன்றும் செய்தேன். முள் நடுவில் தயங்கி நின்றால் இரண்டு பல்பும் எரியும்படி வைத்தேன். தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டும் அணையும்படி வைத்தால் பெட்டரி செத்துவிட்டதா என்று சந்தேகம் வரும்.

இத்தனையும் முடித்து, பழைய நாட்களை அந்தக் குளிரிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். கண்டாக்கு ஐயா பக்கத்தில் நின்று பார்த்தார். எந்த நாளில் ஆறு வந்தது என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது, என்னைவிட நன்றாகவே. பல்புகள் தவறின சில நாட்களிலும் பொய்ப் பச்சை ஒன்றுகூட எரியவில்லை. "சரி, வை" என்றார்.

இனி விடியற்காலையில் நான் போத்தல்களோடு இருக்கவேண்டும், அப்புறம் யார் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவருவது என்ற கேள்வி வந்தது. யாரையாவது அனுப்பலாம் என்று பார்த்தேன். மறுநாள் இருட்டுப் பிரியும் நேரத்தில் மச்சான் ஒரு கண்ணாடிக் கிளாசில் தண்ணீரோடு வந்து நின்றார். நீ போன பிறகு அந்தக் கரைக்கே போகாத மனுஷன். "இந்தா, பாரு" என்று நீட்டினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் அவர்தான்.

முதல் வாரத்திலேயே ஒரு நாள் இரண்டு பல்பும் எரிந்தன.

"என்னா தம்பி, ரெண்டும் எரியுது?" என்றார் கண்டாக்கு ஐயா.

"தெரியாதுன்னு சொல்லுதுங்க ஐயா."

"தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு மெசினா? அத நான் சும்மாவே சொல்லுவேனே!"

கூட்டத்திலிருந்து பேச்சி அக்கா, "ஐயா, நீங்க ஒரு நாளும் சொன்னதில்லீங்களே!" என்றாள்.

கண்டாக்கு ஐயாவும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் மச்சான் முன்னால் வந்தார். "தெரியலன்னா நான் ஆளக் கூட்டிட்டு ஆத்தத் தாண்ட மாட்டேங்க. அஞ்சாம் நம்பர்ல கொழுந்து நிக்குது. அதுல எறக்கிக்கிறேன்."

அன்றைக்கு ஆறு வரவில்லை. சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கேலிக்குத் தயாராக நின்றேன். பேச்சி அக்கா என்னைப் பார்த்தாள். "என்னா மொகத்த இப்பிடி வச்சிருக்க? வராதது நல்லதுதானே" என்று கூடையை இறக்கினாள். மறுநாள் பெரட்டில் கண்டாக்கு ஐயா பேர்ப் பட்டியலைத் திறக்கும் முன்னால் கொட்டகைப் பக்கம் திரும்பி, "என்னா சொல்றாங்க?" என்று கேட்டார். போத்தல்களுக்கு மரியாதை வந்துவிட்டது அக்கா. எனக்கு இந்தத் தோட்டத்தில் அத்தனை மரியாதை இன்னும் வரவில்லை.

இப்போது உனக்குச் சொல்லவேண்டிய சேதி.

போன வாரம் ஒரு காலை. மழைக்காலத்தில் அப்படி ஒரு காலையைப் பார்த்திருக்கமாட்டாய். முகட்டில் ஒரு துண்டு மூட்டம் இல்லை. காற்று இல்லை. காற்றழுத்தமானி நல்ல பிள்ளையாக நின்றது. பெண்கள் கம்பளியைக்கூட எடுத்துவரவில்லை. எட்டாம் நம்பரில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, அன்றைக்கு எடுத்தே ஆகவேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். போத்தல்களுக்குப் பெரட்டு முடித்து, இன்றைய சாட்சிகளைப் போட்டேன். மச்சான் கொண்டுவந்த கிளாசில் தண்ணீர் கொஞ்சமே கொஞ்சம் மங்கலாக இருந்தது. கடைசியாக உன் சுவிட்சைத் தட்டினேன்.

சிவப்பு.

கண்டாக்கு ஐயா வானத்தைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார். "நெசமாவா தம்பி?"

"சிவப்புங்க ஐயா. ரெண்டும் இல்ல, சிவப்பு மட்டும்தான்."

"தொர கேப்பாரு."

"நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் மச்சான் கும்பலை அஞ்சாம் நம்பர் பக்கம் திருப்பிவிட்டார்.

பத்து மணித் தேத்தண்ணிக்குப் பெண்கள் உட்கார்ந்திருந்தபோது சத்தம் கேட்டதாம். நான் ஸ்டோரில் இருந்தேன். மெஷின் இரைச்சலையும் மீறி எனக்கும் கேட்டது. ஓடினேன். ஆறு வந்தது அக்கா. இரண்டு மரத்தையும் பெயர்த்து, அடித்துக்கொண்டு போனது. மரத்தின் மேல் யாரும் இல்லை. அந்தக் கரையில் யாரும் இல்லை. பேச்சி அக்கா, அவள் மகள், உன் நிரையில் இருந்த அத்தனை பேரும் இந்தக் கரையில் கையில் தேத்தண்ணியோடு நின்றார்கள்.

மச்சான் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொட்டகைக்கு வந்தார்.

"அவ போத்தலு என்னா சொல்லிச்சி?"

காலையில் போட்ட சாட்சிகள் அப்படியே இருந்தன. பெட்டரியை இணைத்தேன். சிவப்பு எரிந்தது. உன் சுவிட்சை மட்டும் அணைத்தேன். முள் அந்தப் பக்கம் போனது. பச்சை எரிந்தது. மற்றப் பதினொரு பேரும் சேர்ந்து போகலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள் அக்கா. மறுபடியும் உன் சுவிட்சைத் தட்டினேன். சிவப்பு.

"இன்னொருக்கா போடு" என்றார்.

அணைத்தேன், பச்சை. போட்டேன், சிவப்பு.

"இன்னொருக்கா."

போட்டேன். அவர் கேட்டபோதெல்லாம் போட்டேன். பெட்டரி தீர்ந்தால் தீரட்டும் என்று இருந்தது. கடைசியில் பலகை ஓரத்தைக் கையால் ஒருதரம் தடவிவிட்டு, "அவ பிடிச்சா விடமாட்டா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

மரம் போனதால் துரைக்கு இப்போது வேறு வழியில்லை. இரும்புக் கம்பிப் பாலத்துக்கு அளவெடுக்க ஒருவர் வந்து போய்விட்டார். அளவு சரியா என்று நானும் ஒருதரம் அளந்து பார்த்தேன். வந்தவருக்குப் பிடிக்கவில்லை. அளவு சரியாகத்தான் இருந்தது. எப்போது கட்டுவார்கள்? அது எந்தப் போத்தலிலும் தெரியாது. அதுவரைக்கும் புதிதாக இரண்டு மரம் போட்டிருக்கிறார்கள்.

நீ வாங்கித் தருவதாகச் சொன்ன நல்ல போத்தல்கள் இன்னும் பாக்கி. பரவாயில்லை, பழையவையே வேலை செய்கின்றன.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த இரும்புப் பாலத்தில் பேச்சி அக்கா கூடையோடு நடந்து அக்கரை சேரும் நாள் வரைக்கும், ஒரு காலைகூட விடாமல், ஆட்களுக்கு முன்னால் போத்தல்களுக்குப் பெரட்டுக் கூப்பிடுவேன். பாலம் வந்த பிறகு மற்றப் போத்தல்களின் செம்பையெல்லாம் கழற்றிவிட்டு வேறு பாடம் சொல்லிக் கொடுப்பேன். ஸ்டோரில் அவற்றுக்கு வேலை இருக்கிறது. உன் போத்தலில் படிந்ததை மட்டும் அழிக்கமாட்டேன். பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே. இருப்பதிலேயே நல்ல போத்தல் அதுதான்.

நாளைக்கும் விடியற்காலையில் உன் பெயரைக் கூப்பிடுவேன். அசையாமல் இரு.

உன் கூடப்பிறந்த, பொறுமையில்லாத தம்பி,
சிவலிங்கம்